எடைக்கு எடை சப்பட்டை

தராசுகளை நம்பாமல் இருப்பதற்காக அரசாங்கம் எனக்கு முப்பத்தோரு ஆண்டுகள் சம்பளம் கொடுத்தது. முத்திரை ஆய்வாளர் என்பது பதவியின் பெயர். கடைக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருந்த பெயர்கள் வேறு. எடைக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியவன், தட்டுக்குக் கீழே புளியை ஒட்டியவன், குடும்ப நலம் விசாரித்துக்கொண்டே சுண்டுவிரலால் தட்டை அமுக்கியவன் என்று ஒருவனும் இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் என்னிடம் தப்பியதில்லை. அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு தராசில் ஏறி உட்கார்ந்தேன். அந்தத் தராசில் ஒரு குறையும் இல்லை. இதை நானே சோதித்து உறுதி செய்கிறேன்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சப்பட்டை மாமரம் நிற்கிறது. சப்பட்டை அழகில்லாத பழம். யாரோ மேலே உட்கார்ந்துவிட்டு எழுந்துபோனது போல் தட்டையாக இருக்கும். ஆனால் வாயில் வைத்த பிறகு அழகைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்? மற்றவர்கள் கோடையில் மாம்பழம் சாப்பிடுவார்கள். நான் மாம்பழத்தோடு குடித்தனம் நடத்தினேன். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மதியச் சோற்றுக்கு இரண்டு, மாலையில் காக்கை கொத்தியது வீணாகிவிடக் கூடாதே என்று ஒன்று.

அடுத்தது சண்முகத்தாய். என் மனைவி. நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியை 'ஏட்டி' என்று கூப்பிடுவார்கள். நான் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். மரியாதை என்று வெளியில் சொல்லிக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

சென்ற ஆண்டு ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எனக்கு நெஞ்சில் வலி வந்தது. சண்முகத்தாய் ஆட்டோ வைத்து என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஒயர்களை ஒட்டினார்கள், பிய்த்தார்கள், மறுபடியும் ஒட்டினார்கள். அவள் வெளியே பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒரு பெண் டாக்டர் வந்து எங்கள் இருவரையும் அறைக்குள் அழைத்தார்.

"ஹார்ட் நல்லா இருக்கு சார். இது வாயு. மதியம் என்ன சாப்பிட்டீங்க?"

"தயிர்ச்சாதம்."

"தொட்டுக்க?"

"அவிய தயிர்ச்சாதத்தத் தொட்டுக்கிட்டு மாம்பழம் சாப்பிட்டாக டாக்டர்," என்றாள் சண்முகத்தாய்.

"எத்தனை பழம்?"

"வீட்டுக்குப் போயிக் கொட்டைய எண்ணித்தான் சொல்லணும்."

டாக்டர் என்னை எடை பார்க்கும் மேடையில் ஏறச் சொன்னார். ஏறியதும், வழக்கப்படி, இந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா என்று குனிந்து தேடினேன். வயிறு மறைத்தது. தொண்ணூற்று நான்கு என்று டாக்டர் வாசித்தார். சர்க்கரையும் எல்லைக் கோட்டில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டதாகச் சொன்னார்.

"பத்துக் கிலோவாவது கொறைங்க சார். உங்க முழங்கால் எவ்வளவு நாள்தான் சொமக்கும்? சோத்தப் பாதியாக்குங்க. பயறு, முட்டை, கீரையக் கூட்டுங்க. பட்டினி மட்டும் கெடக்காதீங்க. அறுபதுக்கு மேல பட்டினி கெடந்தா கொழுப்போட சதையும் சேந்து கரைஞ்சிரும். தினம் நடங்க. நாற்காலியில கையூன்றாம எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருங்க."

"மாம்பழம்?"

"ஒரு கீத்து சாப்பிடலாம்."

"ஒரு கீத்துன்னா?"

"ஒரு கீத்துதான் சார். ஒரு மரம் இல்ல."

டாக்டர் சொன்ன அனைத்தையும் மறுநாள் முதல் கடைப்பிடிக்கத் தீர்மானித்தேன். மறுநாள் என்பது நாம் நெருங்க நெருங்க விலகிப்போகும் இயல்புடையது. ஆவணி போயிற்று, தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. நான் போகவில்லை. முக்குக் கடை வரைக்கும் போய் வந்தேன், வடைக்காக. சண்முகத்தாய் இரண்டு மாதம் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். வெற்றி என்று நினைத்தேன்.

தை மாதக் கடைசியில் மாமரம் பூத்தது. சேத்தூரிலிருந்து மாந்தோப்புக் குத்தகைக்காரர் சங்கிலிப்பாண்டி வந்தார். ஆண்டுதோறும் வருவார். ஒற்றை மரத்தைக் குத்தகைக்குக் கேட்பார். நான் மறுப்பேன். அவர் காப்பி குடித்துவிட்டு, பூவைப் பார்த்துக் காய்ப்பை மதிப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போவார். அவர் மதிப்பு தப்பியதில்லை. அன்றும் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நூறு கிலோ தேறும் சார்."

"நூறா? அப்பப் போதும்," என்றாள் சண்முகத்தாய்.

அவர் போன பிறகு கேட்டேன். "எதுக்குப் போதும்?"

"வேண்டுதலுக்கு. ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்து நம்ம முத்தாத்தா கிட்ட வேண்டுனேன். இவியள நல்லபடியா வீட்டுக்கு அனுப்பு தாயே, எடைக்கு எடை நம்ம மரத்துப் பழம் குடுக்கேன்னு. வைகாசிக் கொடையில செலுத்திரணும்."

முத்தாத்தாள் எங்கள் குலதெய்வம். மம்சாபுரத்துக்குப் பக்கத்தில், வயலுக்கு நடுவில் இருக்கிறாள். கொடை என்பது அவளுடைய ஆண்டுத் திருவிழா. கோபக்காரி.

"அது வெறும் வாயு, சண்முகத்தாய்."

"நான் வேண்டும்போது அது நெஞ்சுவலி."

"அதான் ரிப்போர்ட் வந்துட்டுல்ல. வாயுவுக்கு ஒரு கூடை போதும்."

"ஆத்தா கிட்ட ரிப்போர்ட்டக் காமிச்சுத் தள்ளுபடி கேக்கச் சொல்றீகளா?"

"வெல்லம் குடுப்போம். எடைக்கு எடை வெல்லம். ஊர்ல அம்புட்டுப் பேரும் வெல்லந்தான் குடுக்காக."

"வேண்டுனது பழம்."

"சரி, பழம். சந்தையில வாங்கி..."

"வேண்டுனது நம்ம மரம்."

கணக்கு ஆசிரியைகள் பாதியில் வினாவை மாற்ற விடமாட்டார்கள். நான் கொல்லையில் போய் மரத்தடியில் நின்றேன். நூறில் தொண்ணூற்று நான்கு போனால் ஆறு. அணிலுக்கும் மகளுக்கும் போக என்ன மிஞ்சும்? ஓராண்டுக் காத்திருப்புக்கு ஒரு பை.

மறுநாள் குளிக்கும்போது விடை கிடைத்தது. துலாபாரத்துக்குத் தட்டு இரண்டு. ஒரு தட்டில் பழம். அதைக் குறைப்பது பாவம். மற்றத் தட்டில் இருப்பதைக் குறைக்கக் கூடாது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. மற்றத் தட்டில் இருப்பது நான். என் உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் என் வீட்டில் ஒரு கிலோ சப்பட்டை மிஞ்சும். எடைக்குறைப்பின் பயனை எந்த டாக்டரும் இவ்வளவு தெளிவாக எனக்கு விளக்கியதில்லை.

சண்முகத்தாயிடம் சொல்லவில்லை. சொன்னால், 'வேண்டிய அன்னைக்கு இருந்த எடைதான் கணக்கு' என்று தொண்ணூற்று நான்கிலேயே என்னை ஆணி அடித்து நிறுத்திவிடுவாள். அவள் பார்வைக்கு நான் உடல்நலத்தில் அக்கறை வந்து திருந்திய மனிதனாகத் தெரிய வேண்டும். இதுவே திட்டம்.

அடுத்த தெருவில் இருளப்பசாமி இருக்கிறார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். விடிந்ததும் தம்முடைய வெள்ளை நாயோடு நடப்பார். எங்கள் ஊர் நாய்க்கு விலா எலும்பு தெரிவதுதான் அழகு. அது என்னை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்ன ஆபீசரே, காலங்காத்தால யாரப் பிடிக்கப் போறீக?"

"நடக்க வாரேன்."

"எதுக்கு?"

"உடம்புக்கு."

"பொய் சொல்லாதீக. உடம்புக்குன்னு ஒருத்தன் நடந்து நான் பாத்ததில்ல. சுகருக்குப் பயந்து நடப்பான். இல்ல, பொண்டாட்டிக்குப் பயந்து நடப்பான். நீங்க எந்த ரெஜிமெண்ட்?"

"ரெண்டும் இல்ல."

"அப்ப நாட்டுக்காக நடக்கீக. வாங்க."

முதல் நாள் மில் கேட்டு வரை போனேன். திரும்பி வர ஆட்டோ வேண்டுமென்று கேட்டேன். அவர் நாயைப் பார்த்தார். நாய் என்னைப் பார்த்தது. நடந்தே வந்தேன். மாசி முடிவதற்குள் அய்யனார் கோயில் ரோட்டில் தென்னந்தோப்பு வரை போய்த் திரும்பும் அளவுக்கு வந்துவிட்டேன். தினமும் அவர் வீட்டு நாற்காலியில் கையூன்றாமல் எழவும் உட்காரவும் வேண்டும். அவர் ஆணையிடுவார். பள்ளிக்கூடத்தில் இதே பயிற்சிக்குத் தோப்புக்கரணம் என்று பெயர்.

வீட்டில் உணவை எப்படிக் குறைப்பது என்பது இரண்டாவது சிக்கல். சந்தேகம் வரக் கூடாது.

"சோறு பாதி போதும், சண்முகத்தாய்."

"ஏன், கொழம்பு நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. பசி இல்ல."

"சரி."

அவ்வளவுதான் சொன்னாள். திருமணமான நாளிலிருந்து அவள் ஒரு பேச்சை 'சரி' என்று முடித்து நான் கேட்டதில்லை. கேட்காமலே ஒரு கடைக்காரன் தராசைத் துடைத்துக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. வீட்டுக்குள் வந்தால் அரிச்சுவடி மறந்துவிடுகிறது.

அடுத்த வாரம் தட்டில் சோறு இருந்த இடத்தில் தட்டைப்பயறு வந்தது. இரவுக்குக் கம்பு தோசை வந்தது, பக்கத்தில் கீரை. அவித்த முட்டை தானாக உரிந்து நின்றது. கேட்டால், "தட்டப்பயறு தீராமக் கெடக்கு, வண்டு விழுந்திரும்" என்றாள். என் காலுக்குச் சரியான அளவில் நடப்பதற்கான ஷூ ஒரு ஜோடி வந்தது. "மக அனுப்பியிருக்கா" என்றாள். மகளுக்கு என் பிறந்தநாளே தெரியாது. கால் அளவு எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவில்லை. வண்டுக்கும் மகளுக்கும் மனத்துக்குள் நன்றி சொன்னேன். தங்களை அறியாமலே அவர்கள் எனக்கு உதவுகிறார்கள் என்று எண்ணினேன்.

முக்குக் கடையில் வடை எண்ணெயிலிருந்து எழுந்து வரும். இருளப்பசாமி இரண்டு வாங்குவார்.

"ஒண்ணு எடுத்துக்கிடுங்க ஆபீசரே. ஒரு வடையில சாம்ராஜ்யம் கவுந்திராது."

"வேண்டாம்."

"செத்த நேரம் மோந்தாவது பாருங்க."

"வடையாத் தெரியல சுபேதாரே. மாம்பழமாத் தெரியுது."

அவர் நாயின் காதில் ஏதோ சொன்னார்.

பழைய பழக்கத்தில் ஒரு பஞ்சுக் கமிஷன் கடையில் போய் அவ்வப்போது எடை பார்த்துக்கொண்டேன். அவர்கள் மூடை நிறுக்கும் இடத்தில் ஏறி நிற்பேன். முதலில் முள் என்னை நம்பவில்லை. பிறகு கிலோ கிலோவாக விட்டுக்கொடுத்தது. பங்குனியில் பழைய சட்டைகள் என்னைச் சுற்றித் தொங்கின. முழங்கால் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது. டாக்டர் சர்க்கரை இறங்கியதைப் பார்த்து, எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார். "மன உறுதி" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சண்முகத்தாய் இருமினாள்.

வைகாசியில் காய்களைப் பறித்து வைக்கோல் போட்டுப் பின்னறையில் அடுக்கினோம். சங்கிலிப்பாண்டி சொன்ன நூறு நூறாகவே இருந்தது. வேண்டுதல் பழத்தைச் செலுத்துமுன் வாயில் வைக்கக் கூடாது. ஆகவே ஒன்றையும் நான் தொடவில்லை. வாசனை மட்டும் சுவரைத் தாண்டி வந்து, என் தலையணைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. கமிஷன் கடை முள் எண்பத்திரண்டில் நின்றது. பதினெட்டுக் கிலோ எனக்கு. நான் சுவரைத் தட்டிக்கொடுத்தேன்.

கடைசி வெள்ளிக்கிழமை கொடை. பழம் முழுவதையும் லோடு ஆட்டோவில் ஏற்றச் சொன்னாள் சண்முகத்தாய்.

"அம்புட்டும் எதுக்கு? எம்பதோ எம்பத்தஞ்சோ எடுத்தாப் போதாதா?"

"உங்க எடை எம்புட்டு வரும்னு யாருக்குத் தெரியும்? கொறஞ்சு போச்சுன்னா ஆத்தா முன்னால நின்னுக்கிட்டு வீட்டுக்கு ஓட முடியுமா?"

நியாயமான முன்னெச்சரிக்கை. எங்கள் துறையே ஒப்புக்கொள்ளும். ஏற்றினேன். இருளப்பசாமியும் கூட வந்தார்.

கமிஷன் கடைக்காரர் பழைய இரும்புக் கோல் தராசைக் கொடுத்திருந்தார். அதைக் கோயில் புளியமரக் கிளையில் கட்டி, சங்கிலிகளில் இரண்டு பலகைகளைத் தொங்கவிட்டோம். கோல் மட்டமாக நிற்கிறதா என்று பார்த்தேன். பலகைகளை இடம் மாற்றி மறுபடியும் பார்த்தேன். கள்ளத் தராசு இடம் மாற்றினால் காட்டிக்கொடுத்துவிடும். இது நல்ல தராசு. பூசாரி சோணைமுத்து வேப்பிலையோடு காத்திருந்தார்.

"முடிஞ்சுச்சா? சாமி நிக்கிது," என்றாள் சண்முகத்தாய்.

"பழத்தக் கூடையோட வைக்கக் கூடாது. பலகையில அப்பிடியே அடுக்கணும்."

கூடையோடு வைத்திருந்தால் எனக்குத்தான் லாபம். இருந்தும் சொன்னேன். கள்ள எடை போடுபவன் அல்ல நான். எடையையே குறைத்தவன். அந்தப் பெருமையில் கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். கண்ணாடியைக் கழற்றினேன். அரைஞாண் கயிற்றைக்கூட அறுத்துவிட்டேன். இருப்பதிலேயே மெல்லிய வேட்டியைக் கட்டியிருந்தேன்.

"பல்செட்ட விட்டுட்டீக," என்றாள்.

"அது வேணும்."

"எதுக்கு?"

"பொறவு வேணும்."

ஏறி உட்கார்ந்தேன். எதிர்ப் பலகையில் பழங்களை அடுக்கினார்கள். கோல் அசைந்தது, தயங்கியது, நான் மெல்ல எழும்பினேன். கோல் மட்டமாக நின்றபோது சோணைமுத்து குலவையிடச் சொன்னார். பெண்கள் குலவையிட்டார்கள். நான் லோடு ஆட்டோவைப் பார்த்தேன். அங்கே இரண்டு கூடைகள் தொடப்படாமல் இருந்தன. பதினெட்டுக் கிலோ. என்னுடையவை.

இறங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மனைவியின் பக்கத்தில் போனேன். வென்றவன் சும்மா இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பயிற்சி இல்லை.

"சண்முகத்தாய், நான் எதுக்கு எளச்சேன்னு நினைக்க?"

"மாம்பழத்துக்கு."

"எப்பத் தெரியும்?"

"சங்கிலிப்பாண்டி நூறுன்னு சொன்ன அன்னைக்கே. நான் வேண்டுதலச் சொன்னதும் உங்க உதடு அசைஞ்சுச்சு. கழித்தல் போடுற பிள்ளைக்கு உதடு அசையும். எத்தன வருசம் பாத்திருக்கேன்." பிறகு திரும்பி, "பூசாரிண்ணே, ஆட்டோவுல ரெண்டு கூடை இருக்கு. அதையும் எறக்கி ஆத்தா முன்னால வச்சிருங்க," என்றாள்.

"ஏய், அது நம்ம கூடை."

"ஆத்தா கூடை. அன்னைக்கு பெஞ்சில ஒரு வேண்டுதல். டாக்டர் ரூம விட்டு வெளிய வந்ததும் இன்னொண்ணு. இவிய பத்துக் கிலோ கொறைச்சிட்டாகன்னா, அந்த வருசம் மரத்துல மிச்சம் இருக்கிற பழமும் ஒனக்குத்தான் தாயேன்னு வேண்டியிருக்கேன். பத்துக் கேட்டேன். பன்னெண்டு குடுத்திருக்கா."

"இத ஏன் முன்னமே சொல்லல?"

"சொல்லியிருந்தா கொறைச்சிருப்பீகளா?"

கோல் தராசு மரத்தில் இன்னும் மட்டமாகவே ஆடிக்கொண்டிருந்தது. பலகையை மாற்றி மாற்றிச் சோதித்தவன் நான். பலகையில் ஏறாத கூடையைச் சோதிக்க எனக்குத் தோன்றவில்லை.

பூசை முடிந்தது. பழங்களைப் பிரசாதமாகக் கொடுத்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் முழுப் பழம். இருளப்பசாமிக்கு இரண்டு. அவர் அங்கேயே நின்று ஒன்றைக் கடித்தார். சாறு முழங்கை வழியாக ஓடி நாயின் தலையில் சொட்டியது. நாய்க்கும் இந்த ஆண்டு சப்பட்டை கிடைத்துவிட்டது. என் முறை வந்தது. சோணைமுத்து நல்ல பெரிய பழமாகப் பார்த்து எடுத்தார்.

"அவியளுக்கு முழுசு வேண்டாம்ண்ணே," என்றாள் சண்முகத்தாய். "டாக்டர் சொல்லியிருக்காக. ஒரு கீத்து மட்டும் அறுத்துக் குடுங்க."

அறுத்துக் கொடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தோரு ஆண்டு அனுபவம் பொய் சொல்லாது. ஐம்பது கிராம், தோலோடு சேர்த்து.